ஆறாவது வாரம் வராமல் போனவர்களுக்கு

கண்புரை ஆபரேஷனுக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவந்த மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

உங்களில் சிலருக்கு என் குரல் தெரிந்திருக்கும். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாசம் ஆச்சுங்க, செக்கப்புக்கு இன்னும் வரலையே" என்று காலை நேரத்தில் போன் செய்து கேட்டவள் நான்தான். நீங்கள் வண்டியில் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள், இல்லை கடையில் ஆள் நின்றிருக்கும். "நல்லா இருக்காங்க, நல்லா தெரியுதாம்" என்று சொல்லிவிட்டு வைத்திருப்பீர்கள்.

பதினான்கு வருஷமாக ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இந்த வேலையைப் பார்க்கிறேன். கண்புரை ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் திரும்பி வராதபோது அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பார்வையை அளந்து எழுதிவருவது என் பொறுப்பு. நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரு முறைதான் போயிருக்கிறேன். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு திண்ணையிலும் அடுப்படியிலும் என்ன நடக்கிறது என்பதை டாக்டர்களைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். அதை உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு ஊர். எழுபதை நெருங்கும் ஒரு ஆத்தா. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆங்கில எழுத்து 'ஈ' நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கிற பலகையை வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டினேன். டேப் பிடித்து ஆறு மீட்டர் அளந்து, கோடு போட்டு, அவர்களை நிற்கவைத்தேன். மேலே இருக்கிற பெரிய எழுத்து தெரிந்தது. இரண்டாவது வரிசையில் தயங்கினார்கள். மூன்றாவது வரிசைக்குக் கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் காற்றில் அப்படியே நிறுத்திவிட்டார்கள். "புரை மறுபடியும் வளந்துருச்சு தாயி. வயசான கண்ணுக்கு அம்புட்டுத்தான்" என்றார்கள். மருமகள் குறுக்கே வந்து, "அடுப்புப் பக்கம் விடுறதில்லக்கா, கைய சுட்டுக்குவாங்க" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் ஆஸ்பத்திரி அட்டையும் இருந்தது. அதில் ஆறாவது வாரத்துக்கு ஒரு தேதி, ஆறாவது மாதத்துக்கு ஒரு தேதி, நீல மையில் எழுதியிருந்தது. இரண்டுக்கும் யாரும் வரவில்லை.

அந்த ஆத்தாவுக்குப் புரை திரும்ப வளரவில்லை. எடுத்த புரை ஒருநாளும் திரும்ப வளராது. ஆபரேஷனில் மங்கிப்போன லென்ஸை வெளியே எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய பையின் பெரும்பகுதியைக் கண்ணுக்குள் விட்டுவைப்பார்கள். செயற்கை லென்ஸ் உட்காருவது அந்தப் பைக்குள்தான். பையில் ஒட்டிக்கொண்டு மிஞ்சிய செல்கள் சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பின்பக்கமாகப் படர்ந்து பையின் பின்சவ்வை மங்கலாக்கும். லேசரால் அந்தச் சவ்வின் நடுவில் ஒரு சின்ன வாசல் திறந்துவிட்டால் வெளிச்சம் உள்ளே வரும். கத்தி இல்லை, கட்டு இல்லை, படுக்கையில் கிடக்க வேண்டியதும் இல்லை. உட்கார்ந்தபடியே சில நிமிஷத்தில் முடிகிற வேலை. லேசர் செய்த அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஆத்தா ஊர் திரும்பினார்கள். அடுத்த மாதம் நான் போனபோது முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சில நிமிஷத்து வேலைக்காக ஓராண்டுக்கு மேல் அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு மனுஷி. இது விதியால் வந்ததும் இல்லை, வயசால் வந்ததும் இல்லை. அட்டையில் எழுதியிருந்த தேதிக்கு யாரும் கூட்டி வராததால் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டார்மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அதைவிடப் பெரிய கோபம் எங்கள்மேலேயே வந்தது. இந்த அட்டை எதற்கு என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவர்களுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொன்னோமா?

இப்போது சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டுப் பிரித்ததும் வெளிச்சம் தெரியும், ஆள் முகம் தெரியும். நீங்கள் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். புண் ஆறி, கருவிழியின் வளைவு ஒரு நிலைக்கு வரச் சில வாரம் ஆகும். அதன் பிறகுதான் கண்ணாடி பவரைச் சரியாகப் பார்க்க முடியும். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் சரியாகத் தெரியாமல் இருப்பவர்களில் பலருக்குக் குறை கண்ணுக்குள் இல்லை. போட வேண்டிய கண்ணாடியைப் போடாததுதான் குறை. எங்கள் பெட்டியில் இருக்கிற துளைத் தட்டை, நடுவில் ஊசித்துளை போட்ட அந்தக் கறுப்பு மூடியைக் கண் முன்னால் பிடித்ததுமே இரண்டு வரிசை கூடுதலாகப் படிப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அவர்களுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி மட்டும்தான். அது தெரியாமல் 'ஆபரேஷன் சரியில்லை' என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருப்பார்கள். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆபரேஷனுக்கு வராமல் இருப்பார்.

சொட்டு மருந்தும் அப்படித்தான். வீக்கம் குறைவதற்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு சொட்டை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல், பாட்டில் காலியானதும் மெடிக்கலில் அதே மருந்தை வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே போனால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் வலிக்காமலே நரம்பைத் தின்னும். நரம்பு போனால் லேசரும் திருப்பித் தராது, லென்ஸும் திருப்பித் தராது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு கண்ணின் பக்கப்பார்வை போனது. நான் இந்த வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். அப்பாவின் அட்டையிலும் ஆறாவது வாரத்துத் தேதி இருந்தது. அந்த வாரம் எனக்குக் கமுதிப் பக்கம் களப்பணி. அடுத்த வாரம் போகலாம் என்றேன், அதற்கடுத்த வாரம் என்றேன். அப்பா ஐந்து மாதம் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். 'எரிச்சல் இல்லாம குளுகுளுன்னு இருக்கு' என்று அவரே மெடிக்கலில் கேட்டு வாங்கியிருக்கிறார். வாசற்படியில் இடது தோள் இடித்து அவர் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனவே உங்களுக்கு நேரம் இல்லை என்று நீங்கள் சொல்லும்போது அந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியும். அதை நானும் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதியது உங்கள் வீட்டுக் கண்ணைப் பற்றி. இனி எழுதப்போவது நீங்கள் பார்த்தேயிராத கண்களைப் பற்றி. ஆஸ்பத்திரியில் கூட இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் அம்மாவின் கண்ணில் வைத்த லென்ஸுக்கு ஒரு பவர் உண்டு. அது எல்லாருக்கும் ஒரே எண் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் கருவியால் அளந்து, ஒரு கணக்கில் போட்டு, இந்தக் கண்ணுக்கு இந்தப் பவர் என்று எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு வகை லென்ஸுக்கும் ஒரு மாறிலி இருக்கிறது. லென்ஸ் பெட்டியில் அச்சடித்து வருகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நல்ல ஆஸ்பத்திரிகள் அதைத் தங்கள் நோயாளிகளுக்கு ஏற்றபடி நுணுக்கித் திருத்திக்கொள்ளும். திருத்துவதற்கு என்ன வேண்டும்? ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் புண் ஆறிய பிறகு திரும்பி வந்து பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கணக்கு சொன்ன எண்ணுக்கும் கண்ணில் கிடைத்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரியும். உங்கள் அம்மாவுக்குச் சரியான பவர் கிடைத்திருந்தால், அவருக்கு முன்னால் யார் யாரோ பஸ் ஏறித் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களைக் கூட்டி வந்த பிள்ளைகள் ஒருநாள் கூலியை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லென்ஸ் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று ஹரோல்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் 45 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலாக லென்ஸ் வைக்கும் ஆபரேஷனைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமான மூடியின் பிளாஸ்டிக் சிதறல்கள் புகுந்து, கண் அதை உதறித் தள்ளாமல் சும்மா இருந்ததை அவர் கவனித்திருந்தார். அந்த வகை பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்யச் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு லென்ஸ் வைத்த பிறகு கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தால் பவர் எக்கச்சக்கமாகிவிடும் என்பது அளந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அடுத்து வந்தவர்களுக்குப் பவரைத் திருத்தினார்கள். அந்தப் பெண் மட்டும் 'வெளிச்சம் தெரிகிறது, போதும்' என்று வீட்டோடு இருந்திருந்தால் அந்தத் தப்பு இன்னும் எத்தனை கண்ணில் போயிருக்கும்? அதன் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் டாக்டர்களே பலர் இந்த லென்ஸை எதிர்த்தார்கள். வைத்த லென்ஸ் நழுவியது உண்டு, கண் வீங்கியது உண்டு. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் அதன் வடிவத்தை மாற்றினார்கள்.

நம் ஊர் கதைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் யாருடைய பழைய போட்டோவிலாவது சோடாபுட்டிக் கண்ணாடி இருக்கிறதா பாருங்கள். என் அப்பத்தா அதைத்தான் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் புரையைப் பையோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள், உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். லென்ஸ் செய்ய வேண்டிய வேலையை மூக்கின் மேல் இருக்கிற தடிக் கண்ணாடி செய்ய வேண்டும். பார்க்கிற பொருளெல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். கிணற்றடிப் படி காலுக்கு மிக அருகில் இருப்பதுபோல் தோன்றும். அப்பத்தா காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பங்குனிப் பொங்கலில் கூட்டத்தில் அந்தக் கண்ணாடி விழுந்து மிதிபட்டது. அடுத்த கண்ணாடி வரும்வரை, நெல் அறுவடை வரும்வரை, அவர் மறுபடியும் கண் தெரியாதவராகவே இருந்தார். ஆபரேஷன் செய்த கண்தான். ஒரு கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய பார்வை.

லென்ஸ் வைத்தால் இந்தத் துன்பம் இல்லை என்று 1980-களிலேயே பணக்கார நாடுகளில் தெரிந்துவிட்டது. ஆனால் கூட்டம் கூட்டமாக ஆபரேஷன் நடக்கிற நம்மைப் போன்ற ஊரில், மண்ணிலும் வெயிலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது பாதுகாப்பாக இருக்குமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பழைய முறையே போதும் என்றவர்கள் இருந்தார்கள். பதில் மதுரையில் இருந்துதான் வந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 40 முதல் 75 வயது வரையிலான 3,400 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய ஆபரேஷனும் தடிக் கண்ணாடியும், மறு பாதிக்குப் புது ஆபரேஷனும் லென்ஸும். ஓராண்டு முழுக்க அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. லென்ஸ் பாதுகாப்பானது, பார்வையும் அதில்தான் கூடுதல். பலகையில் படிக்கிற வரிசையைத் தாண்டி, நடப்பது, வேலை செய்வது, தன்னைத் தானே பார்த்துக்கொள்வது என்று அன்றாட வாழ்க்கையைக் கேட்டபோது வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. அதே ஆய்வில்தான் லென்ஸ் வைத்தவர்களுக்குப் பின்சவ்வு மங்குவது எவ்வளவு என்பதையும் தனியாகக் கணக்கெடுத்தார்கள். முதுகுளத்தூர் ஆத்தாவுக்கு வந்ததே, அதுதான்.

லென்ஸ் விலை குறைந்ததும் மதுரையால்தான். 1992-ல் அங்கே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த லென்ஸை அதில் ஒரு சிறு பங்கு விலைக்குச் செய்து காட்டினார்கள். இதை நாம் அடிக்கடி பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் லென்ஸைச் செய்தவர்களைச் சொல்கிற அளவுக்கு, அந்த லென்ஸோடு ஓராண்டு திரும்பத் திரும்ப வந்து பலகை முன்னால் நின்றவர்களை யாரும் சொல்வதில்லை. அவர்களைக் கூட்டி வந்தது உங்களைப் போன்ற பிள்ளைகள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் என் அப்பத்தாவுக்குப் பிறகும் சோடாபுட்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

"எங்கம்மாவுக்கு நல்லாத்தானே தெரியுது. நல்லா தெரியுறவங்க எதுக்கு வரணும்?" என்று கேட்கிறீர்கள். நான் போனில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நன்றாகத் தெரிகிறவர்கள் தேவையில்லை என்று வருவதில்லை. தெரியாதவர்கள் மனசு வெறுத்து வருவதில்லை, அல்லது கூட்டி வர ஆள் இல்லாமல் வருவதில்லை. அப்படியானால் எங்கள் தாளில் இருப்பது யாருடைய கண்? நூறு பேரில் நாற்பது பேர் வராமல் போனால், அந்த நாற்பதும் நல்ல கண்ணா கெட்ட கண்ணா என்று தெரியாது. நல்ல ஆபரேஷன் மோசமாகத் தெரியலாம், மோசமான ஆபரேஷன் நல்லதாகத் தெரியலாம். அந்தத் தாளை நம்பி அடுத்த ஆயிரம் பேருக்கு எந்த முறை என்று முடிவெடுப்பார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் பத்து நாடுகளில் நாற்பது ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. யாரும் ஞாபகப்படுத்தாமல் தாமாகத் திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். மற்றவர்களைப் பார்க்க என்னைப் போன்றவர்கள் அலைய வேண்டியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் தரத்தை மதிப்பிட, ஆபரேஷன் முடிந்த சில நாளில் எடுக்கிற பார்வை அளவே ஓரளவு போதும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. அது ஆஸ்பத்திரிக்குப் போதும். உங்கள் அம்மாவுக்கு எப்படிப் போதும்? அவருடைய சவ்வு அதற்குப் பிறகுதானே மங்குகிறது, அழுத்தம் அதற்குப் பிறகுதானே ஏறுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் தொற்று மிக அரிது. வந்தால் கண்ணையே கொண்டுபோகும். அரவிந்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிகிற நேரத்தில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆண்டிபயாட்டிக் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தியபோது, பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்த தொற்று இரண்டாகக் குறைந்திருந்தது. ஏழுக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஐந்து பேரை நினைத்துப் பாருங்கள். இத்தனை அரிதான ஒன்றில், வலியோடும் சிவப்போடும் இருக்கிற ஒரு கண் எங்களிடம் வராமல் வேறெங்கோ போய்விட்டாலே கணக்கு பிசகும். ஆகவே இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஆபரேஷன் ஆன கண் வலித்தாலோ, சிவந்தாலோ, தெரிந்துகொண்டிருந்த பார்வை திடீரென்று மங்கினாலோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள், ராத்திரியானாலும் வாருங்கள்.

உங்கள் மனதில் ஓடுகிற வேறொரு சந்தேகமும் எனக்குத் தெரியும். "ஆராய்ச்சின்னு சொல்லி எங்கம்மாவ வச்சுப் பரிசோதன பண்றீங்களா?" சாயல்குடியில் ஒரு தம்பி என் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிக் கேட்டார். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கும் உண்டு. கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதற்கு முன்னால் இது என்ன ஆய்வு, என்ன லாபம், என்ன ஆபத்து, எத்தனை முறை வர வேண்டும் என்று உங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். சொல்லாவிட்டால் கேளுங்கள். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதனால் வைத்தியம் ஒரு துளியும் குறையக் கூடாது. ஆனால் விலகுவதை எங்களிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். சரி என்று சொல்லிவிட்டு, போன் நம்பரை மாற்றிவிட்டுக் காணாமல் போவதுதான் எங்களை உடைக்கிறது. அதனால் இழப்பு எங்களோடு நிற்பதில்லை.

அமெரிக்காவில் பன்னிரண்டு இடங்களில் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு கண்ணில் புரையோடு பிறந்த 114 கைக்குழந்தைகள். ஆபரேஷன் செய்த கண்ணில் சிலருக்கு லென்ஸ் வைத்தார்கள், சிலருக்கு கான்டாக்ட் லென்ஸ் மாட்டினார்கள். ஏழு மாதம்கூட நிறையாத பிள்ளைகள். அவர்களுக்குப் பத்தரை வயதானபோது மறுபடியும் பார்வையை அளந்தார்கள். 114-ல் 110 பேர் வந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல், வீடு மாறி, ஊர் மாறி, அந்தத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை, லென்ஸ் வைத்த பிள்ளைகளுக்குத்தான் மேற்கொண்டு ஆபரேஷன்கள் அதிகம் தேவைப்பட்டன என்று தெரிந்தது. இன்று பிறக்கிற ஒரு குழந்தைக்கு அவசரப்பட்டு லென்ஸ் வைக்க வேண்டாம் என்று ஒரு டாக்டர் துணிந்து சொல்ல முடிகிறதென்றால், அந்த 110 வீடுகள்தான் காரணம்.

உங்களுக்கு இருக்கிற கஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு செக்கப் என்றால் உங்களுக்கு ஒருநாள் சம்பளம், இரண்டு பேருக்கு பஸ், ஒரு வேளைச் சாப்பாடு. காலை ஏழு மணிக்குச் சீட்டுப் போட்டு மதியம் வரை உட்கார வேண்டியிருக்கும். கண்ணில் சொட்டு விட்டு பாப்பா விரிந்ததும் அம்மாவுக்கு வெயிலில் கண் கூசும், கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு ஊருக்கு வருவதே பெரிய பாடு. இதையெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்களிடம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் பஸ் காசு கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க வேண்டும், தேதிக்கு வந்தவரை வரிசையில் நிறுத்தாமல் முதலில் அனுப்ப வேண்டும். ஒரு முறை தேதி தவறியவரை எல்லார் முன்னாலும் திட்டுவதை நிறுத்த வேண்டும். திட்டு வாங்கியவர் மறுமுறை வரமாட்டார் என்பதை நான் எத்தனையோ திண்ணையில் கேட்டிருக்கிறேன். இவை எங்கள் கடன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அட்டையைக் கையில் வாங்கும்போது அதிலிருக்கிற தேதியை உங்கள் போனில் போட்டு வையுங்கள். அம்மாவுக்குத் தேதி நினைவிருக்கும், ஆனால் 'அவன் வேலைய கெடுக்க வேணாம்' என்று அவராக வாய் திறக்க மாட்டார். நீங்கள் கேட்க வேண்டும். உங்களால் முடியாத வாரமென்றால் எங்களுக்கு ஒரு போன் செய்து வேறு தேதி கேளுங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது அதே வாரம் செக்கப் என்றால் சேர்த்து அனுப்புங்கள். எங்களிடம் கொடுக்கிற நம்பர் உங்கள் கையிலேயே இருக்கிற நம்பராக இருக்கட்டும். அது மாறினால் சொல்லுங்கள்.

வந்த பிறகு இன்னொன்று. நாங்கள் கேள்வித்தாளோடு உட்காருவோம். "ஊசியில நூல் கோக்க முடியுதா? ராத்திரி தனியா வாசலுக்குப் போறீங்களா? சில்லறைய எண்ண முடியுதா?" என்று கேட்போம். பத்தில் ஏழு முறை பதில் பக்கத்தில் நிற்கிற உங்களிடமிருந்துதான் வருகிறது. "அதெல்லாம் பண்ணுவாங்க, எழுதிக்கங்க" என்கிறீர்கள். அம்மா உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிடுவார். தயவுசெய்து அந்தக் கொஞ்ச நேரம் அவரைப் பேசவிடுங்கள். அவர் நூல் கோப்பதில்லை என்பது உங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியவரும். பல வீடுகளில் அப்படித் தெரிந்திருக்கிறது. மகன்கள் அப்படியே வாயடைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு வாரம் தாண்டிப்போனவர்களுக்கும் சொல்கிறேன். ஆறு மாதம் ஆகியிருந்தாலும் சரி, மூன்று வருஷம் ஆகியிருந்தாலும் சரி, இந்த வாரம் கூட்டி வாருங்கள். ஏன் லேட் என்று நான் கேட்க மாட்டேன், கேட்க விடவும் மாட்டேன். அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை, ஆபரேஷன் செய்த மாதத்தைச் சொன்னால் தேடி எடுத்துவிடுவோம். காலைச் சாப்பாடு கொடுத்து, சாப்பிடுகிற மாத்திரை மருந்தையும் வீட்டில் மிச்சமிருக்கிற சொட்டு பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஒரு தொப்பியோ குடையோ எடுத்துக்கொண்டு வாருங்கள். சீட்டுப் போடுகிற ஜன்னலுக்கு வலது பக்கம், பலகை மாட்டிய சுவருக்குப் பக்கத்தில் என் மேசை இருக்கிறது. களப்பணி இல்லாத நாளெல்லாம் காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களுக்குப் போன் செய்கிற களப்பணியாளர்